பொன்னியின் செல்வன்: மர்மம், தொன்மம், காதல் மூன்றையும் குழப்பாமல் படிப்பது எப்படி?

கேள்வி: கோரைப்பாய்

கல்கியின் இந்தச் சோழர் கால நாவலில் முதல் பாகம் ‘புது வெள்ளம்’ முடிந்தது. இரண்டாம் பாகத்துக்குள் கால் வைக்கும் முன் சில விஷயங்களில் தெளிவு தேவை.

முதலில், நினைவில் வைத்துக்கொள்வது. பெயர்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. பழுவேட்டரையர் இருவர். வானவன்மாதேவி என்று தேடினால் இணையத்தில் வேறு யாரோ வருகிறார். பராந்தகன் என்றால் எந்தப் பராந்தகன்? இதற்கெல்லாம் குறிப்பு எடுத்துத்தான் படிக்க வேண்டுமா, இல்லை கதை போகிற போக்கில் போய்விடலாமா?

இரண்டாவது, எது வரலாறு, எது ஊர்வழக்கு, எது கல்கியின் கற்பனை என்று படிக்கும்போதே எப்படிக் கண்டுகொள்வது? சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றி யூடியூபில் ஆளுக்கொரு தீர்ப்பு சொல்கிறார்கள். கடம்பூர் மாளிகையில் நடந்தது என்று கல்வெட்டே சொல்வதாக ஒரு காணொளியில் அடித்துச் சொன்னார்கள். உண்மையா?

மூன்றாவது, காதல் பகுதிகள் வரும்போது மர்மத்தின் வேகம் தடைபடுகிறதே, அவற்றைத் தாண்டிப் படித்தால் ஏதாவது இழப்பு உண்டா?

தயவுசெய்து ஐந்தாம் பாக ரகசியங்களை எச்சரிக்கை போட்டு எழுதுங்கள்.

பதில் 1: ஏட்டுச்சுவடி

முதலில் கையில் இருக்கும் பதிப்பைச் சோதியுங்கள். நூல் நாட்டுடைமை ஆனபிறகு பல பதிப்பகங்கள் போடுகின்றன. சுருக்கப் பதிப்புகளும் நடுவே கலந்து கிடக்கின்றன. முழு நூலில் புது வெள்ளம் 57, சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, தியாகச் சிகரம் 91, ஆக 293 அத்தியாயங்கள். உள்ளடக்கப் பக்கத்தில் இந்த எண்ணிக்கை வரவில்லை என்றால் அது வெட்டிய பிரதி. மர்மக் கதையில் வெட்டினால் முதலில் போவது துப்புதான், ஏனென்றால் சுருக்குகிறவர் கண்ணுக்கு அது தேவையில்லாத பேச்சாகத் தெரியும். ஐந்தாம் பாகம் மற்றவற்றைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பாகம் முடித்ததும் ‘இன்னும் கொஞ்சம்தான்’ என்று நினைத்தவர்கள் அங்கேதான் மூச்சு வாங்கி நிற்பார்கள்.

அடுத்தது வேகம். இது கல்கி வார இதழில் 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை தொடராக வந்தது. கணக்குப் போட்டால் 185 வாரத்துக்கு 293 அத்தியாயம், வாரத்துக்கு ஒன்றரை சொச்சம். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கொக்கியில் முடிவதும், முன்பு நடந்ததை அங்கங்கே திரும்பச் சொல்வதும் இதனால்தான். ஒரே மூச்சில் 20 அத்தியாயம் படித்தால் இந்தத் திரும்பச் சொல்லல் சலிக்கும். வாரம் ஒன்று படித்தால் ஆட்கள் மறந்துபோவார்கள். நாளுக்கு மூன்று சரியான அளவு. 98 நாளில் முடியும். நாளுக்கு ஐந்து என்றால் இரண்டு மாதம்.

நிறுத்தும் இடத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. அத்தியாய முடிவில் நிறுத்தாதீர்கள். கொக்கி இழுக்கும், ராத்திரி ஒரு மணி வரை போகும், மறுநாள் பாதி நினைவிருக்காது. அடுத்த அத்தியாயத்தில் இரண்டு பக்கம் போய் நிறுத்துங்கள். முடிச்சு பெரும்பாலும் அங்கே தளர்ந்துவிடும், அல்லது காட்சி வேறு ஊருக்கு மாறிவிடும்.

குறிப்பு எடுக்க வேண்டுமா? வேண்டும், ஆனால் எல்லோரும் போடுகிற பாத்திரப் பட்டியலால் பெரிய பயன் இல்லை. இந்த நாவல் ஓடுவது ரகசியங்களின் மேல். யார் யார் என்பதைவிட, எந்த ரகசியம் யாருக்குத் தெரியும் என்பதுதான் கேள்வி. ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: ரகசியம், அறிந்தவர், எப்படி அறிந்தார், எந்த அத்தியாயம். நீங்கள் படித்துவிட்ட பகுதியிலிருந்தே உதாரணம்: கடம்பூரில் நள்ளிரவுக் கூட்டம், மதுராந்தகனுக்குப் பட்டம் கட்டும் திட்டம். அறிந்தவர்கள்: கூட்டத்தில் இருந்த சிற்றரசர்கள், மறைந்திருந்து பார்த்த நாயகன் வந்தியத்தேவன், மதில்மேல் தலை தெரிந்த ஆழ்வார்க்கடியான் நம்பி. இந்த மூன்றாவது பெயரைக் குறித்துக்கொள்ளாதவர்கள் பின்னால் ‘நம்பிக்கு இது எப்படித் தெரியும்?’ என்று விழிப்பார்கள். அதே தாளின் பின்பக்கம் கைமாறும் பொருள்களுக்கு: கரிகாலன் கொடுத்த இரண்டு ஓலைகள், பனை இலச்சினை மோதிரம், மீன் சின்னம் பொறித்த வாள். ஒரு பொருள் கைமாறினால் பழி, நம்பிக்கை, அதிகாரம் இவற்றில் ஒன்றும் கூடவே கைமாறுகிறது.

குடும்ப மரம் மட்டும் வரைந்தே ஆக வேண்டும், ஏனென்றால் சதியின் வேர் அதில் இருக்கிறது. முதல் பராந்தகனின் பிள்ளைகளில் நமக்கு மூவர் போதும்: தக்கோலப் போரில் 949-ல் விழுந்த ராஜாதித்தன், கண்டராதித்தன், அரிஞ்சயன். கண்டராதித்தன் மனைவி செம்பியன் மாதேவி, மகன் மதுராந்தகன் என்ற உத்தம சோழன். அரிஞ்சயன் மகன் சுந்தர சோழன். இரண்டாம் பராந்தகன் என்பவர் இவரே. இவர் மக்கள் ஆதித்த கரிகாலன், குந்தவை, பின்னால் ராஜராஜன் ஆன அருள்மொழி. கண்டராதித்தன் இறந்தபோது மகன் சிறுவன், அதனால் அரியணை தம்பி கிளைக்குப் போனது. இப்போது அந்தச் சிறுவன் வளர்ந்து நிற்கிறான். நாவலின் அரசியல் முழுவதும் இவ்வளவுதான்.

இணையத்தில் தேடும்போது ஒரே பெயர்கள் இடறும். வானவன்மாதேவி என்பது சுந்தர சோழர் அரசியின் பெயர்; முதலாம் ராஜேந்திரனின் தாய்க்கும் அந்தப் பெயர் வழங்கியது. குந்தவை ராஜராஜனின் தமக்கை மட்டுமல்ல, அவன் மகளும் குந்தவைதான். வேங்கி விமலாதித்தனை மணந்தவள் மகள். தேடலில் கணவன் அல்லது தந்தை பெயரையும் சேர்த்துப் போடுங்கள். ஆனால் ஐந்தாம் பாகம் முடியும்வரை மதுராந்தகனைப் பற்றி எதுவும் தேட வேண்டாம். காரணம் கேட்காதீர்கள்.

பதில் 2: மடைநீர்

கடம்பூர் விஷயத்துக்கு நேரடிப் பதில்: இல்லை. எந்த இடத்தில் கொலை நடந்தது என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. எப்படி நடந்தது, யார் தூண்டியது என்பதும் கிடையாது.

கிடைப்பது இரண்டு. ஒன்று உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு. அது கொலை வழக்கின் தீர்ப்பு என்று நினைத்துக்கொண்டு படித்தால் ஏமாற்றம்தான். அது ஒரு சொத்துப் பத்திரம். ‘பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான’ என்று சொல்லிச் சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச் சோழ பிரம்மாதிராஜன், மலையனூரான் என்று சகோதரர்களைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்கள் நிலம் மட்டுமல்ல, பிள்ளைகள், மாமன்மார், பெண் கொடுத்தவர், எடுத்தவர் வரை உறவுக்காரர் உடைமையும் அரசாணைக்குள் வருகிறது. அப்படிக் கைமாறிய நிலத்தை ஒருவர் விலைக்கு வாங்கிக் கோயிலில் அறக்கட்டளை வைத்தார். அந்த அறத்தைப் பதிவு செய்யத்தான் கல்லில் வெட்டினார்கள். கொலைச் செய்தி அங்கே பக்கவாட்டில் வந்து விழுந்த ஒரு வரி.

இரண்டாவது திருவாலங்காட்டுச் செப்பேடு, ராஜேந்திரன் காலத்தது. கரிகாலன் வானுலகைக் காணும் ஆசையால் மறைந்தான் என்று கவித்துவமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறது. அதன்பின் குடிகள் அருள்மொழியை வேண்டியதாகவும், சிறிய தந்தைக்கு அரசில் விருப்பம் இருப்பதை அறிந்து அவன் மறுத்ததாகவும் வருகிறது. நாவலின் ஐந்தாம் பாகத் தலைப்பு எந்த விதையிலிருந்து முளைத்தது என்று தெரிகிறதல்லவா?

இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில்தான் வரலாற்றாசிரியர்களும் சண்டை போடுகிறார்கள். கொலை பெரும்பாலும் 969 முதல் 971 வரையிலான காலத்தில் வைக்கப்படுகிறது. ராஜராஜன் ஆட்சி தொடங்கியது 985. நடுவில் உத்தம சோழன் ஆட்சி. உடைமை பறிப்புச் செய்தி இத்தனை ஆண்டு கழித்து வருவதால் நீலகண்ட சாஸ்திரியார் உத்தமன் மேல் ஐயம் வைத்தார். சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. ராஜராஜன் தன் மகனுக்கே மதுராந்தகன் என்று பெயர் வைத்திருந்ததை எதிர்த்தரப்பு வாதமாகச் சொல்வதுண்டு. அண்ணனைக் கொன்றவன் பெயரை யாராவது பிள்ளைக்கு வைப்பார்களா? ‘பஞ்சவன்’ என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல். அந்த ஒரு பட்டப்பெயரிலிருந்து பாண்டிய நாட்டுச் சதி என்ற கோணம் பிறக்கிறது. தம்பியின் பட்டத்திலோ ‘சோழ’ இருக்கிறது, எனவே சோழ அதிகாரிகளே என்றும் வாதிடலாம். நாவலின் ரவிதாசனும், பாண்டியனுக்காக உயிர்கொடுக்கச் சபதம் செய்த ஆபத்துதவிகளும் முதல் கோணத்தில் வளர்ந்தவர்கள்.

இன்னொன்று, வரைபடத்தில் பார்த்தால்தான் புரியும். நாவல் தொடங்கும் இடம் எது? வீரநாராயண ஏரிக்கரை, அதாவது இன்றைய வீராணம். இரண்டாம் மூன்றாம் அத்தியாயங்கள் வீரநாராயணபுரத்தில், அதாவது இன்றைய காட்டுமன்னார்கோயிலில். உடையார்குடி அந்த ஊரின் ஒரு பகுதிதான். கரிகாலனைக் கொன்றவர்கள் என்று கல்லில் பெயர் பொறித்த அதே ஊரில், கொலைக்குச் சில மாதங்கள் முன்பு, ஆடிப்பெருக்குக் கூட்டத்துக்கு நடுவே கல்கி கதையைத் தொடங்குகிறார். மேலக்கடம்பூரும் அந்தச் சுற்று வட்டாரமே. துரோகிகளின் நிலம் இருந்த பக்கத்தில் சதியை வைத்தது நாவலாசிரியரின் ஊகம், நல்ல ஊகம். ஆனால் ஊகத்தை எடுத்துக்கொண்டு ‘கல்வெட்டு சொல்கிறது’ என்று காணொளி போடுவது வேறு வேலை.

சம்புவரையர் விஷயமும் இப்படியே. சம்புவரையர்கள் வரலாற்றில் பெயர் பெறுவது பிந்திய காலத்தில், படைவீட்டுப் பக்கம். பத்தாம் நூற்றாண்டில் கடம்பூரில் அவர்களுக்கு மாளிகை என்பது கற்பனை. பழுவேட்டரையர்கள் நிஜம். அரியலூர் மாவட்டம் கீழப்பழுவூர், மேலப்பழுவூர்க் கோயில்களில் அவர்கள் கல்வெட்டுகள் இருக்கின்றன. முதல் பராந்தகன் அவர்கள் வீட்டில்தான் பெண் எடுத்தான். சோழ அரசையே ஆட்டிவைத்த இரண்டு கிழட்டுச் சகோதரர்கள் என்ற சித்திரம் மட்டும் நாவலுக்குச் சொந்தம். நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான், மந்தாகினி, மணிமேகலை, சேந்தன் அமுதன் எல்லோரும் கற்பனை. அநிருத்தப் பிரம்மராயர் நிஜம்; அன்பில் செப்பேடு அவருக்குச் சுந்தர சோழர் கொடுத்த நிலக்கொடை.

நாகையில் இருந்த பௌத்த மடமான சூடாமணி விகாரத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். 1950-ல் எழுதும்போது கல்கி 982 ஆண்டு பின்னால் போகச் சொல்கிறார், அதாவது 968. ஆனால் ஆனைமங்கலம் செப்பேட்டில் வரும் விகாரம் ராஜராஜன் காலத்தில், 1006-ஐ ஒட்டி, ஸ்ரீவிஜய மன்னன் எடுப்பித்தது. நாவலில் அது ஏறத்தாழ 40 ஆண்டு முந்தியே நிற்கிறது. கதைக்கு அது தேவைப்பட்டது.

கோரைப்பாய்

மேலக்கடம்பூர், உடையார்குடி பக்கத்துப் பக்கத்தில் இருப்பது இப்போதுதான் உறைக்கிறது, நன்றி ஐயா. அப்படியென்றால் நாவலில் கொலையாளி யார் என்று கடைசியில் தெரியுமா தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்கள், பெயர் வேண்டாம்.

பதில் 3: மடைநீர்

பெயர் இல்லாமல் சொல்வதென்றால்: ஒருவர் தானே பொறுப்பு என்கிறார், இன்னொருவர் மேல் பழி விழுகிறது, கல்வெட்டில் பெயர் உள்ளவரும் அருகில்தான் இருக்கிறார். விளக்கு அணைந்துவிடுகிறது. துப்பறியும் கதைப் பழக்கத்தோடு கடைசிப் பக்கத்தில் தீர்ப்பை எதிர்பார்த்தால் ‘ஏமாற்றிவிட்டார்’ என்றுதான் தோன்றும். கல்வெட்டு எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறதோ அதே இடத்தில் கல்கி விளக்கை அணைத்திருக்கிறார் என்று பார்த்தால் அந்த இருட்டுக்குக் காரணம் விளங்கும்.

(ஸ்பாய்லர் தொடங்குகிறது, கோரைப்பாய் தாண்டிப் போகவும். தானே பொறுப்பு என்று சொல்கிறவர் பெரிய பழுவேட்டரையர், சிறைக்குப் போகிறவன் வந்தியத்தேவன். பழுவேட்டரையர் சபையில் சொல்வதை அப்படியே வாக்குமூலமாக எடுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு கேள்வி: அவர் அந்த நேரத்தில் எதை மறைக்க, யாரைக் காக்க விரும்புகிறார்? ஒருமுறை படித்து முடித்தபின் அந்த இரவின் அத்தியாயங்களை மட்டும், யார் எங்கே நின்றார்கள் என்று ஒரு தாளில் அறையின் படம் போட்டுக்கொண்டு மறுபடி படித்துப் பாருங்கள். யார் சொன்னதையும் நம்பாமல், கதைசொல்லி நேரடியாகக் காட்டியதை மட்டும் குறியுங்கள். ஸ்பாய்லர் முடிந்தது.)

பதில் 4: நெய்தல்நிலா

தொன்மப் பகுதியை யாரும் தொடவில்லை, எனவே அதை எடுத்துக்கொள்கிறேன்.

இந்த நாவலில் நாட்டார் நம்பிக்கை வெறும் அலங்காரமாக நிற்பது குறைவு. பெரும்பாலும் அது ஒரு ரகசியத்தின் மூடி. நம்பிக்கை எங்கே வந்தாலும் ‘இது எதை மூடுகிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். தலைப்பையே எடுங்கள். சிறுவன் அருள்மொழி காவிரியில் விழுகிறான், ஒரு பெண் தூக்கிக் காப்பாற்றி மறைகிறாள், எல்லோரும் காவேரி அம்மனே வந்ததாக நம்புகிறார்கள், அதனால் ‘பொன்னியின் செல்வன்’. முதல் பாகத்தில் இதைப் படிக்கும்போது பக்திக் கதை போலக் கடந்துவிடுவோம். இரண்டாம் பாகத்தில் ஈழத்துக்குப் போனதும் அந்த அம்மனுக்கு ஒரு முகம் கிடைக்கும். அதற்கு மேல் சொல்லவில்லை.

கோடிக்கரைக் கொள்ளிவாய்ப் பிசாசுகளைப் பாருங்கள். இரண்டாம் பாகத் தொடக்கத்தில் ‘சேற்றுப் பள்ளம்’, ‘நள்ளிரவில்’ அத்தியாயங்களில் வரும். சதுப்பு நிலத்தில் மட்கும் பொருளிலிருந்து எழும் வாயு பற்றிக்கொள்வதே அந்த வெளிச்சம் என்பது இன்றைய விளக்கம்; நாவலும் தன் காலத்துக்கு ஏற்ற இயற்கைக் காரணம் ஒன்றைச் சொல்லிவிடுகிறது. காரணம் தெரிந்தபிறகும் பயம் போகாமல் எழுதியிருப்பதுதான் வேலைத்திறம். அந்தப் பிசாசுகளைப் பூங்குழலி தன் காதலர்கள் என்கிறாள். அச்சம், ஊர்வழக்கு, நிறைவேறாத காதல் மூன்றும் ஒரே வரியில் உட்கார்ந்துவிடுகின்றன. உங்கள் மூன்றாவது கேள்விக்கு இதிலேயே பாதி பதில் இருக்கிறது.

தூமகேது, அதாவது வால்நட்சத்திரம், வேறு வகை. வானத்தில் விபரீதம் தோன்றினால் மன்னனுக்கு ஆகாது என்ற நம்பிக்கை தமிழில் மிகப் பழையது. புறநானூறு 229-ல் கூடலூர் கிழார், பங்குனியில் ஒரு விண்மீன் வீழ்ந்ததைக் கண்டு அஞ்சி, ஏழாம் நாள் மன்னன் மறைந்ததைப் பாடுகிறார். கல்கி வால்நட்சத்திரத்தை வானத்தில் தொங்கவிட்டதும், பாத்திரங்கள் எல்லோரும் சாவை எதிர்பார்க்கத் தொடங்குகிறார்கள், ஆனால் நோயாளி அரசரின் சாவை. கண் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்போது ஆபத்து வேறு பக்கம் வளர்கிறது. சோதிடமும் அப்படித்தான்: குடந்தை சோதிடர் சொல்வதில் எது பலித்தது என்று தேடுவதைவிட, அவர் வீட்டுக்கு யார் யார் எதற்காக வருகிறார்கள் என்று பாருங்கள். அரசியல்காரர்கள் சந்திக்க நல்ல திண்ணை அது.

கடம்பூர்க் குரவைக் கூத்தும், அதைத் தொடர்ந்து தேவராளன் சாமியாடுவதும் சங்க இலக்கியத்தில் வேலன் சாமியாடும் வெறியாட்டின் தொடர்ச்சி. அங்கே சாமி ஒரு பலி கேட்கிறது. சாமியாடியின் வாயில் வருவது தெய்வ வாக்கா, யாராவது சொல்லிக்கொடுத்த வாக்கா என்ற சந்தேகத்தோடு முதல் பாகத்தின் ஐந்தாம் அத்தியாயத்தை மறுபடி புரட்டுங்கள். முதல் வாசிப்பில் கூத்தாகத் தெரிந்தது இரண்டாவதில் அறிவிப்பாகத் தெரியும்.

ஆடிப்பெருக்கு மட்டும் எதையும் மூடவில்லை. சப்பரத் தட்டி, சித்திரான்னம், மதகுகளில் புது வெள்ளம் எல்லாம் இன்றைக்கும் கண்ணால் காணக்கூடியவை. முதல் அத்தியாயத்தில் வாசகன் நம்பிக்கையை அங்கே வாங்கிக்கொண்டுதான் பிறகு பொய் சொல்லத் தொடங்குகிறார்.

பதில் 5: கழஞ்சு

நெய்தல்நிலா சொன்னதோடு பெரும்பாலும் உடன்பாடு, ஆனால் ‘நம்பிக்கை என்றால் மூடி’ என்பதைச் சூத்திரமாக்கிவிட வேண்டாம். சில இடங்களில் கல்கி வெறுமனே ரசித்து எழுதுகிறார். தொடர்கதையில் ஒரு வாரத்தை ஓட்டவும் வேண்டும்.

காதல் அத்தியாயங்களைத் தாண்டலாமா? கூடாது. நீங்கள் படித்ததிலிருந்தே காட்டலாம். வயதான பெரிய பழுவேட்டரையர் இளம் மனைவி நந்தினியைப் பொத்திப் பொத்தி மூடுபல்லக்கில் கொண்டு போகிறார் என்று ஊரே சிரிக்கிறது. அந்தக் கேலியை நம்பித்தான் பல்லக்கின் திரையை யாரும் விலக்கிப் பார்ப்பதில்லை. உள்ளே இருப்பது மதுராந்தகன். கிழவரின் மோகம் சதிக்குத் திரையாகிறது. கேலியைத் தாண்டிப் படித்தவனுக்கு ‘பல்லக்கில் யார்?’ என்ற அத்தியாயத் தலைப்பு பாதிதான் புரியும்.

வந்தியத்தேவன், குந்தவை காதலில் இன்னொரு நுட்பம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை ‘வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்’ என்கிறது. வந்தியத்தேவனைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது ஏறக்குறைய அவ்வளவே. ஒரு கணவன் பெயரை வைத்துக்கொண்டு 293 அத்தியாயத்துக்கு நாயகன் செய்திருக்கிறார். கல்யாணம் ஆகும் என்பது வரலாறு தெரிந்தவனுக்கு முன்பே தெரியும்; எனவே ‘சேர்வார்களா’ என்பதில் விறுவிறுப்பு இல்லை. பழுவூர் இளையராணி நந்தினியின் மோதிரத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, இளையபிராட்டி குந்தவையின் ஓலையையும் சுமக்கிறானே, இரண்டு புத்திசாலிப் பெண்களுக்கு நடுவே எத்தனை நாள் தாக்குப்பிடிப்பான் என்பதே கேள்வி. இருவரும் அவனிடம் பேசும் காட்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். யார் அதிகம் கேட்கிறார்கள், யார் அதிகம் சொல்கிறார்கள் என்று எண்ணினால் யார் ஒற்றர் வேலையில் கெட்டிக்காரி என்பது தெரியும்.

செத்த முதலைமேல் அவன் வேலெறியும் காட்சியைச் சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள். அவசரக்காரன், துணிச்சல்காரன், ஏமாறக்கூடியவன், மூன்றும் அந்த ஒரு வீச்சில் இருக்கிறது. பின்னால் அவன் மாட்டிக்கொள்வதெல்லாம் இந்த மூன்றால்தான்.

நந்தினி, கரிகாலன் பகுதி கனமானது. வீரபாண்டியன் தலை கொண்டது கல்வெட்டில் கரிகாலனுக்குப் பெருமைப் பட்டம். நாவலில் அதே பட்டம் அவனைத் தூங்கவிடாத குற்றமாக மாறுகிறது. நந்தினி என்ற கற்பனைப் பெண்ணை நடுவே நிறுத்தியதால் நடந்த மாற்றம் இது. அவளை எடுத்துவிட்டால் கொலைக்குக் காரணம் வெறும் அரசியல் பழிவாங்கலாகச் சுருங்கும். இன்றைக்கு நந்தினி நிஜமாக வாழ்ந்தவள் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். எழுத்தாளனுக்கு அதைவிடப் பாராட்டு வேண்டுமா, வரலாற்றுக்கு அதைவிடத் தலைவலி வேண்டுமா!

கோரைப்பாய்

முடித்தபின் இதே கலவையில் அடுத்து எதைப் படிக்கலாம்? குறைந்த பக்கம் இருந்தால் நல்லது.

பதில் 6: ஏட்டுச்சுவடி

பக்கம் குறைவு என்றால் பார்த்திபன் கனவு, மூன்று பாகம். அதிலும் ஒரு மாறுவேட மர்மம் உண்டு. சிவகாமியின் சபதம் கதைக்காலத்தில் முந்தியது, எழுதப்பட்டது பிந்தி. கதைக்கால வரிசையில் படிக்கலாம் என்று பலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். சபதத்தை முதலில் படித்தால் அந்த அரசகுடும்பத்தின் குணங்கள் பழகிவிடும், பார்த்திபன் கனவில் வரும் சிவனடியார் யார் என்பது இரண்டாவது சந்திப்பிலேயே பிடிபட்டுவிடும். எழுதிய வரிசையில் போங்கள்.

சாண்டில்யனின் கடல் புறாவும் மூன்று பாகம், ஆனால் பாகம் ஒவ்வொன்றும் கனம். கப்பல், ஸ்ரீவிஜயம், போர் உத்தி பிடிக்குமானால் எடுக்கலாம். அங்கே காதல் வர்ணனை பக்கக் கணக்கில் ஓடும், தொன்மம் குறைவு. சோழர் கதை அடுத்த தலைமுறையில் எப்படிப் போனது என்று பார்க்க அகிலனின் வேங்கையின் மைந்தன், ராஜேந்திரன் காலம். விக்கிரமனின் நந்திபுரத்து நாயகி பொன்னியின் செல்வன் விட்ட இடத்திலிருந்து தொடர்வது. அதை உடனே எடுக்காமல் ஒரு மாதம் விடுங்கள். கல்கியின் குரல் காதில் இருக்கும்போது வேறொருவர் அதே ஆட்களைப் பேசவைத்தால் ஒட்டாது.

பதில் 7: மடைநீர்

ஒன்று விட்டுப்போனது. ஐந்தாம் பாகத்துக்குப் பின்னால் கல்கி எழுதிய முடிவுரை சில மலிவுப் பதிப்புகளில் இருக்காது. எது ஆதாரம் உள்ளது, கதை மாந்தர் பின்னால் என்ன ஆனார்கள் என்பதை அங்கே அவரே பேசுகிறார். உங்கள் பிரதியில் இல்லையென்றால் தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் பிரதியில் தேடிப் பாருங்கள். தொடருக்கு ஓவியர் மணியம் வரைந்த படங்கள் மட்டும் அதில் கிடைக்காது. முடிவுரையை முன்கூட்டிப் புரட்டினால் 293 அத்தியாயமும் வீண், சொல்லிவிட்டேன்.